கனடாவுக்குப் போகப் பிரெஞ்சு படித்த மாணவி

முதல் பருவத்தின் நடுவிலேயே பகுதி ஒன்று எனப்படும் மொழிப்பாடத்தில் பிரெஞ்சை விட்டுத் தமிழுக்கு மாறிக்கொண்ட அந்த பி.காம். மாணவியை நினைக்கும்போதெல்லாம், அவருடைய பிரெஞ்சு ஆசிரியனாக நான் சொன்ன பதிலில் பொய் ஏதும் இல்லை என்பதையே முதலில் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். "சார், இதப் படிச்சா கனடாவுக்குப் போவ ஒக்குமா?" என்று கேட்டார். "இது மட்டும் போதாது மக்களே" என்றேன்.

குவைத்தில் செவிலியராக இருக்கும் சித்தி சொல்லித்தான் அவர் பிரெஞ்சு எடுத்திருந்தார். பிரெஞ்சு அறிந்தவர்களுக்கெனக் கனடா 2023 முதல் தனிச் சுற்றுகளில் நிரந்தரக் குடியேற்றத்துக்கு விண்ணப்பிக்க அழைப்பு விடுப்பதால், கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து வீடுகளில் இந்தப் பேச்சு இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அதற்கு டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற பிரெஞ்சுத் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கிலும் கனடாவின் பிரெஞ்சு மொழித்திறன் அளவுகோலில் ஏழாம் நிலையை எட்ட வேண்டும். ஏ1-இல் தொடங்கி சி2-வில் முடியும் ஐரோப்பிய மொழித்திறன் படிநிலைகளில் அது ஏறத்தாழ நான்காவதான பி2. நாங்கள் நடத்தியதோ ஏ1, மிஞ்சினால் ஏ2-வின் தொடக்கம். எங்கள் பருவத் தேர்வு முழுக்க எழுத்துத் தேர்வு என்பதால், வாய் திறந்து ஒரு வாக்கியம் பேசாமலே நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். தவிரவும், கனடாவுக்கான அந்தத் தேர்வின் முடிவு இரண்டு ஆண்டுகள்தான் செல்லும். படிப்பு முடியுமுன்னே அவசரப்பட்டு எழுதுவதில் பயனில்லை. இவற்றையெல்லாம் அறிந்த ஒருவன் வேறு எந்தப் பதிலைச் சொல்லியிருக்க முடியும்?

இவ்வளவும் சரிதான். ஆனால் உதட்டை 'ஊ'வுக்குக் குவித்து நாக்கை 'ஈ'க்கு வைத்து எழுப்ப வேண்டிய அந்த உயிரொலியை, வகுப்பே கூச்சத்தில் சிரித்துக்கொண்டிருந்தபோது, முதலில் பிசகாமல் சொன்னவர் அவர்தான். மூக்கொலி உயிர்களில் நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொட்டுவிட்டால் நம் 'ன்' வந்து சேர்ந்துவிடும் என்று ஒருமுறைதான் சொன்னேன். அதன்பின் அவர் அதில் தவறவே இல்லை. அப்படிப்பட்ட காது உள்ளவருக்குப் பி2 எட்டாத உயரம் அல்ல.

துறைத் தலைவர் கூப்பிட்டு, "ஸ்ட்ரெங்த் கொறஞ்சா ஒங்களுக்குத்தானே கஷ்டம், அந்தப் பிள்ளைகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றார். மாணவர் எண்ணிக்கையை நம்பியே என் வேலை இருந்தது. அதையும் மீறி உண்மையைச் சொன்னேன் என்பதில் எனக்கு அன்று நிறைவு இருந்தது, இன்றும் ஓரளவு இருக்கிறது. ஆனால் என் ஒப்பந்தம் அந்தக் கல்வியாண்டோடு முடிகிறது என்பதும், பி2 வரை கைப்பிடித்து அழைத்துச் செல்ல நான் அங்கே இருக்கமாட்டேன் என்பதும் அந்தக் கணத்தில் என் மனத்தில் இருந்தன. அவர் கேட்டது பிரெஞ்சைப் பற்றி; நான் பதில் சொன்னது என்னைப் பற்றியோ என்று பிறகு தோன்றியது. மறு ஆண்டு இன்னொருவர் என் இடத்துக்கு வந்தார், வகுப்பும் தடையின்றி நடந்தது என்று கேள்விப்பட்டபோது அந்த எண்ணம் வலுத்தது.

மூன்றாண்டு நம்பவைத்து, கடைசியில் ஏ2-வோடு அனுப்பியிருந்தால் அது இதைவிடப் பெரிய அநியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் 'போதாது' என்பதற்கும் 'முடியாது' என்பதற்கும் இடையே இருந்த தூரம் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அன்று தெரிந்திருக்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.