காந்தாரம் ஆட மறுக்கிறது

மார்ச் 3, செவ்வாய்

பார்சல் வந்துவிட்டது. 1989 மாடல், சாம்பல் நிறக் கேம்பாய், கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் பெட்டி. திரையில் இரண்டு கோடு செத்திருக்கிறது, பரவாயில்லை. நாலு பென்சில் பேட்டரி போட்டு ஆன் செய்ததும் அந்த 'டிங்'. அப்பா தூக்கத்திலேயே திரும்பிப் படுத்தார்.

மார்ச் 4

டோக்கன் 28. மூன்று மணி நேரம்.

மார்ச் 5, வியாழன்

லிட்டில் சவுண்ட் டிஜே. கேம்பாயிலேயே இசையமைக்க யோஹான் கொட்லின்ஸ்கி 2000 வாக்கில் எழுதிய மென்பொருள், பெட்டியில் செருகும் காட்ரிட்ஜில் ஏற்றியே வந்தது. இசை கற்கிற மாதிரி இல்லை, பஸ் ஸ்டாண்டு நேர அட்டவணையை நிரப்புகிற மாதிரி இருக்கிறது. ஃபிரேஸ் என்பது சின்ன இசைத் துண்டு, ஒன்றில் பதினாறு வரி. ஃபிரேஸ்களைக் கோத்தால் செயின், செயின்களை அடுக்கினால் பாட்டு. எண்ணெல்லாம் பதினாறின் கணக்கு: ஒன்பதுக்கு அப்புறம் ஏ, எஃப் வரை போய், பிறகு 10. அது பத்து இல்லை, பதினாறு. அப்படிப் பார்த்தால் நேற்றைய டோக்கன் நாற்பது. அதனால்தான் அவ்வளவு லேட் என்று அப்பாவிடம் சொன்னேன். "நாற்பதா, இருபத்தெட்டுன்னு தானே எழுதியிருந்தது?" என்று கவலைப்பட்டார்.

மார்ச் 6

அப்பா இன்றும் சவரம் செய்யவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

எனக்கு வேண்டியது ஒரே ஒரு துண்டு. சவரம் செய்யும்போது மட்டும் அப்பா முணுமுணுப்பது. வார்த்தை கிடையாது. தோடி மாதிரி இருக்கும். முப்பது வருடமாகக் காதில் இருக்கிறது, பதிவு செய்ய ஒரு நாளும் தோன்றவில்லை. ஸ்வரங்களைக் கண்டுபிடித்துப் பெட்டியின் ஒலித்தடங்களில் ஒன்றான பல்ஸ் சேனலில் போட்டுப் பார்த்தேன். காந்தாரம், அதாவது 'க', கம்பம் நட்டமாதிரி நிற்கிறது. தோடியில் அது நிற்கவே கூடாது, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். வி கட்டளை போட்டால் அதிர்கிறது. ஆடுவது வேறு, அதிர்வது வேறு. அதிர்ந்தால் குளிரில் நடுங்குகிறவன் பாடுவது போலத்தான் கேட்கிறது.

ஹெட்ஃபோனை ஒரு காதில் வைத்துக் காட்டினேன். "என்னடா, கொசு மாதிரி?"

மார்ச் 9

ரிப்போர்ட் வரவில்லை. மாடியில் லிஃப்ட் ரிப்பேர்.

மார்ச் 10, செவ்வாய்

மடத்தனம். மூன்றாவது ஃபிரேஸின் கடைசி நாலு வரியை மாற்றினேன். பாட்டு முழுக்க மாறிவிட்டது. அதே ஃபிரேஸை ஐந்து இடத்தில் கோத்திருக்கிறேன். எங்கே தொட்டாலும் ஐந்திலும் தொட்டதாகும். முதலில் குளோன் (நகல்) செய்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. வராந்தாவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தேன். சிஸ்டர், "சார், யாராவது எதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். ஃபிரேஸ் என்று எப்படிச் சொல்வது.

மார்ச் 11

நாலு சேனல்தான். பல்ஸ் இரண்டு, வேவ் ஒன்று, இரைச்சல் ஒன்று. தம்புராவுக்கு ஒன்றைக் கொடுத்தால் மூன்று. மெட்டுக்கு ஒன்று, மிச்சம் இரண்டு. மூன்று ஸ்வரம் சேர்ந்து ஒலிக்க வேண்டுமென்றால் சி கட்டளை: ஒரே நாற்காலியில் மூன்று பேர் மாறி மாறி உட்காருவார்கள், வேகத்தில் காது ஏமாந்துவிடும். பல்ஸ் 64 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது, எனவே அடிக்குரல் வேவ் சேனலுக்கு. இரைச்சல் சேனலில் தவில் செய்து பார்த்தேன். தகரக் கூரையில் மழை. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தவில் இல்லை.

மார்ச் 12

காட்ரிட்ஜுக்குள் ஒரு காசு பேட்டரி இருக்கிறதாம். பாட்டெல்லாம் அதன் தயவில்தான் நிற்கிறது. அது தீர்ந்தால் அவ்வளவுதான். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று விற்றவருக்கும் தெரியவில்லை. கழற்றி அளக்கலாம், ஆனால் கழற்றினால் போய்விடும்.

மார்ச் 13

தூக்கம் இல்லை. இரவு மூன்று முறை ஆன் செய்து பார்த்தேன். இருக்கிறது.

மார்ச் 14, சனி

வேவ் சேனலின் அலையை நாமே வரையலாம். 32 புள்ளி, ஒவ்வொன்றுக்கும் பதினாறு உயரம். அப்பாவின் குரலை வரையப் பார்த்தேன் (சிரிக்காதீர்கள்). முதல் பாதியைச் சரிவாக ஏற்றி, பின்பாதியில் இரண்டு பல் வைத்தால் மூக்கால் முனகுகிற மாதிரி வருகிறது. அரை மணி நேரம் அதையே கேட்டேன். அக்கா போனில், "சாப்பிட்டியா?" என்றாள். சாப்பிட்டதாகச் சொன்னேன்.

இன்னொன்று. இந்தப் பெட்டியிடம் 440 ஹெர்ட்ஸ் கேட்டால் 439.8 கொடுக்கிறது. ஸ்வரத்தை 131072-ஐ ஒரு முழு எண்ணால் வகுத்துத்தான் பிடிக்கிறது, அதனால் துல்லியமாக உட்காராது. மேலே போகப் போக இடைவெளி பெரிதாகிறது. ஆக, காந்தாரத்தைக் கீழ் ஸ்தாயியில் தேட வேண்டும். அப்பாவும் கீழேதான் முணுமுணுப்பார்.

மார்ச் 15

காசு பேட்டரி.

மார்ச் 16, திங்கள்

வந்துவிட்டது. ஐந்து பக்கம். அக்கா இரவு பஸ் ஏறுகிறாள்.

எல் கட்டளை! ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகிறது. ரியிலிருந்து மவுக்கு, மவிலிருந்து ரிக்கு, காந்தாரத்தைப் போடவே வேண்டாம், நடுவில் தானாகக் கேட்கிறது. ஆனால் மூன்று வரி பிடிக்கிறது, தாளம் ஒதுங்கிவிடுகிறது.

மார்ச் 17

சவரம் செய்ய ஆள் வந்தார். முகத்துக்கு இல்லை, நெஞ்சுக்கு. அப்பா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். போனை ரெக்கார்டில் வைத்துத் தலையணைக்குக் கீழே மறைத்திருந்தேன். பிளேடு சத்தம் மட்டும் பதினோரு நிமிடம்.

மார்ச் 18, புதன்

ஐந்தே முக்காலுக்குக் கொண்டுபோனார்கள். மோதிரம், கண்ணாடி, பல் செட் மூன்றும் என் சட்டைப் பையில்.

நாலு பேட்டரியும் புதிது. காந்தாரத்தை டேபிளில் (ஒரே ஸ்வரத்துக்குள் ஓடும் குட்டி அட்டவணை) எழுதிப் பார்க்கலாம், கடிகாரத்தின் ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு வரி நகர்வதால் தாளம் கெடாது. ஐந்தாவது வரியில் கொஞ்சம் தாமதம் வேண்டும், அப்பா அங்கே மூச்சு விடுவார். ஆறாவதில்