தழும்புக்குப் பக்கத்தில் தோன்றிய வீக்கம்

பெரியப்பாவுக்குப் புரொஸ்டேட் என்னும், சிறுநீர்ப்பைக்குக் கீழேயுள்ள சுரப்பியில் வந்த புற்றுநோய்க்காகத் தொப்புளுக்குக் கீழே நெடுக்காகக் கீறிச் சத்திரசிகிச்சை செய்து பதினான்கு மாதங்களான பின், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் படிகளில் அவர் இருமியபடி நின்று, சாரத்தின் மேலாக வலது கவட்டைக் கையால் அழுத்திப் பிடித்திருந்ததைக் கண்டேன். விசாரித்தபோது, "ஒண்டுமில்லை, படுத்தால் உள்ளுக்குப் போயிடும்" என்றார். தேசிக்காய் அளவு வீங்கியிருந்த அதை மூன்று மாதங்களாகப் பெரியம்மாவிடம்கூட அவர் சொல்லவில்லை.

அது குடலிறக்கம்: வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தினூடாகக் குடல் வெளியே தள்ளிக்கொண்டு வருவது. ஆண் குழந்தை பிறக்குமுன் விதைகள் வயிற்றுக்குள்ளிருந்து கவட்டு வழியாகவே விதைப்பைக்கு இறங்குவதால், அந்த வழி ஆண்களுக்கு வாழ்நாள் முழுவதும் பலவீனமான இடமாகவே இருக்கிறது. வாழ்நாளில் நான்கில் ஓர் ஆணுக்கேனும் இது வருகிறது, பெண்களில் நூற்றுக்கு மூவர் அளவில்தான். நாம் இருமும்போதும் முக்கும்போதும் அடிவயிற்றுத் தசைகள் இறுகி அந்த வாசலை மூடிக்கொள்கின்றன. அடிவயிற்றைக் கீறி இருபுறமும் இழுத்துப் பிடித்துச் செய்யும் சத்திரசிகிச்சையில் அந்த மூடும் ஏற்பாடு குலைந்துவிடக்கூடும் என்பதே வைத்தியர்கள் தரும் முக்கியமான விளக்கம். திறந்த முறையில் புரொஸ்டேட்டை அகற்றியவர்களுள் பத்தில் ஒருவருக்கு மேல் இந்த வீக்கம் வந்ததாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன; பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள், வலப்பக்கத்திலேயே கூடுதலாக. நெடுக்காகக் கீறாமல் சிறு துளைகள் வழியாகச் செய்யும் சத்திரசிகிச்சையில் இது குறைவு. முதுமை, மெலிந்த உடல், முன்பே ஒருமுறை குடலிறக்கம் வந்திருத்தல் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன.

புற்றுநோயை அகற்றியவர்கள்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் சிறுநீர்க் கசிவைப் பற்றி விரிவாகச் சொன்னவர்கள் இதைப் பற்றி ஒரு வசனமும் சொல்லாததை என்னால் ஏற்க முடியவில்லை. சொல்லியிருந்தால், வெட்கத்தால் மறைத்த அந்த மூன்று மாதங்கள் இருந்திரா. வீக்கம் உள்ளே போக மறுத்து, கடும் வலியும் வாந்தியும் சேர்ந்தால், சிக்கிய குடலுக்கு இரத்தம் போகாமல் அது அழுகத் தொடங்கலாம். அப்போது விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பெரியப்பாவுக்குச் செயற்கை வலை வைத்துத் தைத்தார்கள். அதற்கு முதல்நாள் வைத்தியர் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, இருமச் சொல்லி, வீக்கமே இல்லாத இடப்பக்கத்தையும் விரல் வைத்துச் சோதித்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தச் சோதனையை முதல் சத்திரசிகிச்சைக்கு முன்பே செய்து, பலவீனம் தெரிந்தால் அதே வேளையில் சரிசெய்திருக்கலாம் என்று அவர் சொன்னதைப் பெரியப்பா வழியெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.