பட்டியலில் வராத மைன்கிராஃப்ட் உலகம்

கீழே என் லேப்டாப்பில் மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பைத் திறந்து 'ஓபன் டு லேன்' (வீட்டு நெட்வொர்க்கில் இருப்பவர்கள் சேர என் உலகத்தைத் திறந்துவிடுவது) கொடுத்தாச்சு. மாடியில் அக்கா பையனின் லேப்டாப்போ லோக்கல் நெட்வொர்க்கில் தேடிக்கொண்டே இருக்கிறது, என் உலகம் பட்டியலில் வரவே இல்லை. இதற்குப் பலரும் சொல்லும் வைத்தியம் ஃபயர்வாலை, அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவலை, மொத்தமாக அணைப்பது. அது எனக்குப் பிடிக்காது, அணைத்துச் சரியானாலும் எது கோளாறு என்று தெரியாமலே போய்விடும்.

பட்டியலில் தெரிவது வேறு, இணைய முடிவது வேறு. லேனில் திறந்த உலகம் ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை 224.0.2.60 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு (ஒரே செய்தி பலருக்கும் போகும் பொது முகவரி), யுடிபி என்ற பதிலுக்குக் காத்திராமல் அனுப்பும் முறையில், 4445 போர்ட்டில் (கணினியின் எண்ணிட்ட வாசல்), 'நான் இங்கே இருக்கிறேன், என் போர்ட் இது' என்று கூவுகிறது. அந்தக் கூவல் கேட்டால்தான் பட்டியலில் பெயர் வரும். விளையாட்டு நடப்பதோ தனியாக ஒரு டிசிபி இணைப்பில், அதாவது இரண்டு கணினிகளுக்கு இடையிலான நேரடித் தொடர்பில். அதனால் பட்டியலை மறந்துவிட்டு முதலில் 'டைரக்ட் கனெக்‌ஷன்' (முகவரியையும் போர்ட்டையும் நாமே தட்டி இணைவது) போட்டுப் பார்க்க வேண்டும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளை கொடுத்து என் கணினியின் நெட்வொர்க் முகவரியை எடுத்தேன், 192.168.1.7. போர்ட் எண் உலகத்தைத் திறந்ததும் சாட்டில் வரும். நாமே எண் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் மாறும்.

"மாமா, டைம்டு அவுட்னு வருது" என்றான் மேலிருந்து.

இது நல்ல துப்பு. 'ரெஃப்யூஸ்டு' என்று வந்திருந்தால் பெரும்பாலும் போர்ட் எண் தப்பு, கணினி வரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். டைம்டு அவுட் என்றால் வழியில் யாரோ சத்தமில்லாமல் விழுங்குகிறார்கள். (பிங், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பார்க்கும் சோதனை, போகவில்லை என்பதை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வராதீர்கள், விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருப்பது சகஜம்.) என் வைஃபை 'பப்ளிக்' என்று பதிவாகியிருந்தது, 'பிரைவேட்' ஆக்கினேன். அப்போதும் அதே கதை. ஃபயர்வாலின் இன்பவுண்ட் விதிகளை (உள்ளே வரும் இணைப்புகளுக்கானவை) திறந்தால் ஜாவாவுக்குச் சிவப்பு நிறத்தில் ஒரு தடை விதி உட்கார்ந்திருக்கிறது. அனுமதி கேட்டு வரும் பெட்டியில் கேன்சல் கொடுத்தால் விண்டோஸ் இப்படி ஒன்றை எழுதி வைத்துவிடும். தடை விதி இருக்கும்வரை பக்கத்தில் எத்தனை அனுமதி விதி போட்டாலும் வீண். அதை நீக்கிவிட்டு, விளையாட்டு உண்மையில் பயன்படுத்தும் ஜாவா கோப்புக்குப் பிரைவேட்டில் மட்டும் அனுமதி கொடுத்தேன். கணினியில் இரண்டு மூன்று ஜாவா இருக்கலாம், டாஸ்க் மேனேஜரில் பாதையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

டைரக்டாக உள்ளே வந்துவிட்டான். பட்டியல் மட்டும் இன்னும் காலி.

அப்புறம்தான் அவன் முகவரியைக் கேட்டேன். 192.168.0.103. மூன்றாவது எண் எனக்கு 1, அவனுக்கு 0. மாடியில் சிக்னல் வரவில்லை என்று வைத்த இரண்டாவது ரவுட்டர் தனக்கென ஒரு நெட்வொர்க் நடத்திக்கொண்டிருந்தது. மேலிருந்து கீழே இணைப்பு வரும், ஆனால் மல்டிகாஸ்ட் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. அந்த ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (தனி நெட்வொர்க் நடத்தாமல் கீழ் நெட்வொர்க்கின் சிக்னலை மட்டும் கொடுப்பது) மாற்றினோம். அந்த வசதி இல்லாத ரவுட்டரில் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வசதி) அணைத்து, அதன் முகவரியைக் கீழ் ரவுட்டரோடு மோதாமல் மாற்றி, கேபிளை வேன் (WAN) துளையிலிருந்து எடுத்து லேன் துளையில் சொருகினால் அதே பலன்.

இப்போது இரண்டும் 192.168.1 தான், ஆனாலும் வரவில்லை. கடுப்பாகி, நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்களைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து 4445 போர்ட்டை வடிகட்டினேன். வைஃபையில் ஒரு பாக்கெட்கூட இல்லை. கூவல் எல்லாம் 192.168.56.1 வழியாகப் போய்க்கொண்டிருந்தது, அதாவது என் கணினிக்குள்ளேயே இருக்கும் மெய்நிகர் கணினிக்கான போலி நெட்வொர்க் அடாப்டர் வழியாக. நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸில் போய் அதை டிசேபிள் செய்த சில விநாடிகளில் மாடியிலிருந்து "வந்துருச்சு!" என்று சத்தம். விபிஎன் போட்டிருப்பவர்களுக்கும் இதே சிக்கல் வரலாம்.

தனி சர்வர் ஓட்டுகிறவர்கள் இத்தனையும் செய்ய வேண்டாம். தனி சர்வரை ஓட்டும் ஜார் கோப்பு (ஜாவா நிரல்) இந்தக் கூவலை அனுப்புவதே இல்லை, முகவரியோடு 25565 போர்ட்டைச் சேர்த்து ஒருமுறை சேமித்தால் போதும், ரவுட்டரில் அந்தக் கணினிக்கு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து அக்காவின் டேப்லெட்டில் ஏன் தெரியவில்லை என்று கேட்டான். அதில் இருப்பது பெட்ராக் பதிப்பு, யுடிபி 19132-இல் வேறு மொழி பேசுவது, ஜாவா உலகத்துக்குள் அப்படியே வர முடியாது. அதற்கு நெட்வொர்க்கில் தேடிப் பயனில்லை.