சிறுநீர்ப்பையை எடுக்கும் நேரம்

சிறுநீரகவியலில் எனக்கு மிகக் கடினமாக இருப்பது அறுவை அரங்கைவிட, சிறுநீர்ப்பைப் புற்றில் டி1 ஹை கிரேடு (உள்தோலைத் தாண்டிவிட்ட, ஆனால் தசையை இன்னும் எட்டாத, வீரியமான புற்று) என்று பயாப்சி அறிக்கை வந்த நோயாளியுடன் முதன்முறை உட்கார்ந்து பேசும் அந்த அரைமணி நேரம்தான். புற்று தசையைத் துளைத்துவிட்டால் வாதத்துக்கு இடம் குறைவு. ஆனால் இவருக்கோ கட்டியைச் சுரண்டி எடுத்ததும் சிறுநீரில் இரத்தம் போவது நின்றுவிட்டது, வலியில்லை, தூக்கமும் பசியும் முன்புபோலவே இருக்கின்றன. அப்படி நலமாக உணரும் ஒருவரிடம்தான், சிறுநீர்ப்பையையே எடுத்துவிட வேண்டியிருக்கலாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அறிக்கை கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது, எடுத்த திசுவில் தசை இருந்ததா என்ற ஒரே வரியைத்தான். தசையே இல்லாத மாதிரியை வைத்துக்கொண்டு, புற்று தசைக்குள் போகவில்லை என்று எப்படிச் சொல்வது? தசை இருந்தாலும்கூட டி1 என்றால் இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் மறுபடி சுரண்டிப் பார்க்கிறோம். "முதல் தடவையே சரியாக எடுக்கவில்லையா டாக்டர்?" என்று பலரும் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். டி1 நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப்பேர் வரை, மறுமுறை பார்க்கும்போது மிச்சப் புற்று கிடைக்கிறது. சிலரிடம் அது தசைக்குள்ளேயே இருக்கிறது.

இதன் பிறகுதான் பி.சி.ஜி. மருந்தின் பேச்சு வரும். காசநோய்த் தடுப்பூசியில் உள்ள அதே கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் இந்த முறையை 1976இல் மருத்துவர் மொராலஸின் குழுவினர் வெளியிட்டார்கள். வாரம் ஒன்றாக ஆறு முறை, பிறகு இடைவெளி விட்டு மூன்று மூன்று வாரத் தொகுதிகளாக மூன்றாண்டு வரை இதைத் தருகிறோம். பலருக்குச் சிறுநீர்ப்பை தப்பிவிடுகிறது. ஆகவே டி1 என்று கேட்டதும் எல்லோருக்கும் கத்தியை எடுப்பது மிகையான சிகிச்சையாகிவிடும். அறுவையும் சாதாரணமானதன்று. ஆண்களுக்குப் புராஸ்டேட்டும், பெண்களுக்குப் பெரும்பாலும் கருப்பையும் சேர்ந்து போகின்றன. சிறுகுடலின் ஒரு துண்டை வெட்டி வயிற்றில் ஸ்டோமா, அதாவது சிறுநீர் வெளியேறும் திறப்பு, அமைக்க வேண்டும், அல்லது புதுப் பையாகத் தைக்க வேண்டும். முதல் 90 நாள்களில் உயிரிழப்பு நேரும் வாய்ப்பும் உண்டு. மறுபக்கம், புற்று டி1 நிலையில் இருக்கும்போதே எடுத்தவர்களில் ஐந்தாண்டுகள் நோயின்றி இருப்போர் 80 விழுக்காட்டுக்கு மேல். காத்திருக்கையில் தசைக்குள் இறங்கிவிட்டால் அந்த விகிதம் வெகுவாகச் சரிந்துவிடுகிறது.

டி1 புற்றுடன் சி.ஐ.எஸ். என்ற தட்டையான புற்றும் பரவியிருப்பது, கட்டிகள் பெரியவையாகவும் பலவாகவும் இருப்பது, நிணநீர்க் குழாய்க்குள் புற்றணுக்கள் தென்படுவது, மைக்ரோபாப்பிலரி என்ற மூர்க்கமான வகை என்று நோயியல் நிபுணர் எழுதியிருப்பது — இவற்றைக் கண்டால் பி.சி.ஜி.க்கு முன்பே அறுவையைப் பரிந்துரைக்கிறேன். முறையாகப் பி.சி.ஜி. பெற்றும் மூன்றாம் மாத சிஸ்டோஸ்கோப்பியில் (குழாய்க் கேமராவால் சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சோதனையில்) டி1 ஹை கிரேடு மறுபடி தெரிந்தால், இன்னொரு சுற்று கொடுத்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சி.ஐ.எஸ். மட்டும் மிஞ்சியிருந்தால் கதை வேறு. அது தாமதமாகவும் அடங்கக்கூடியது என்பதால் ஆறாம் மாதம் வரை பொறுக்கலாம்.

பி.சி.ஜி. தொடங்கி இரண்டாண்டுக்குள் அறுவை செய்துகொண்டவர்கள், பின்னால் செய்துகொண்டவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று 2001இல் ஹெர், சோகானி என்ற மருத்துவர்கள் இருவரும் எழுதினார்கள். அது பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்த்த ஆய்வு என்பதால் அதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் காலம் எங்கே கரைகிறது என்பதை நடைமுறையில் பார்க்கிறேன். யாரும் ஒரேயடியாக ஓராண்டைத் தள்ளிப்போடுவதில்லை. அடுத்த சோதனை வரட்டும், வீட்டு விசேஷம் முடியட்டும், புது மருந்து ஒன்று இருக்கிறதாமே என்று மூன்று மூன்று மாதங்களாகத்தான் அது போகிறது. 2020இல் அமெரிக்காவில் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து இந்தப் புற்றுக்கு அனுமதி பெற்றது முதல் அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கும் மறுப்பவர்களுக்கும் வழிகள் கூடியிருப்பதை வரவேற்கிறேன். தாங்கக்கூடியவர்களுக்கு அதே மருந்துகள் ஒத்திப்போடும் சாக்காகிவிடுவதுதான் கவலை.

அதனால் பி.சி.ஜி.யின் முதல் தவணைக்கு முன்பே அகற்றும் அறுவையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். "அப்பாவிடம் இப்போதே அதைச் சொல்ல வேண்டாம் டாக்டர்" என்று வெளியே வந்து கேட்கும் பிள்ளைகளிடம், கெட்ட சோதனை முடிவோடு சேர்த்து இதை முதன்முறையாகக் கேட்பவர் முடிவெடுக்கவே மாதக்கணக்கில் திணறுவார் என்று விளக்குகிறேன். ஸ்டோமா செவிலியரைச் சந்திக்க அனுப்புகிறேன். விருப்பமிருந்தால், ஸ்டோமாவில் மாட்டிய சிறுநீர்ப் பையோடு வேலைக்குப் போய்வரும் ஒருவரிடமும் பேசச் சொல்கிறேன். எந்தச் சோதனை முடிவு வந்தால் அறுவைக்குப் போவோம் என்பதை இருவருமாகப் பேசி, நோயாளியின் கோப்பில் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கிறோம். எல்லாம் கேட்டபின்னும் வேண்டாம் என்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சிஸ்டோஸ்கோப்பி தேதி தவறாமல் தொடர்கிறது. ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தைத் திறந்து அதே கேள்வியை மீண்டும் கேட்கிறேன்.