இரண்டு கொடி அசைந்தால் ஆறு

மெல்பர்னுக்குக் குடிவந்து ஏழு மாதமாகியும் ஒரு கேள்விக்கு மட்டும் எங்கள் வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. "நீங்க எந்த டீம்?" அலுவலகத்தில் கணவரிடம் கேட்டார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கேட்டார்கள், ரத்தப் பரிசோதனைக்கு ஊசி போட்ட பெண் என்னிடமும் கேட்டாள். கடைசியில் கணவரோடு வேலை பார்க்கிற ஒருவர், "போய்ப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று நான்கு டிக்கெட் கொடுத்துவிட்டார். ரிச்மண்டுக்கும் காலிங்வுட்டுக்கும் ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆட்டம், எம்.சி.ஜி. என்கிற மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில்.

எம்.சி.ஜி. என்றால் எனக்கு அப்பா ஞாபகம்தான். ஒவ்வொரு டிசம்பர் 26-ஆம் தேதியும் விடியற்காலை ஐந்து மணிக்கு மதுரை வீட்டில் அப்பா சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்ப்பார். போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தால் பச்சைப் பசேலென்று அந்த மைதானம். அதே புல்லை நேரில் பார்க்கப்போகிறோம் என்பதிலேயே ரிச்மண்ட் ஸ்டேஷனில் இறங்கும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது.

மைதானத்துக்கு வெளியே, இந்த ஃபுட்பால் பிறந்த கதையை நினைவூட்டும் ஒரு சிலை இருக்கிறது. 1858-இல் இரண்டு பள்ளிக்கூடங்களின் பையன்கள் மைதானத்தைச் சுற்றியுள்ள இந்தப் பூங்காவில்தான் மோதினார்கள். பக்கத்துக்கு 40 பேர். மூன்று நாள் ஆடியும் வெற்றி தோல்வி இல்லை. நடுவராக இருந்தவர்களில் ஒருவரான டாம் வில்ஸும் நண்பர்களும் அடுத்த ஆண்டே இந்த ஆட்டத்துக்கு விதிகளை எழுதிவிட்டார்கள்.

எங்களுக்குக் கோல் கம்பங்களுக்கு நேர் பின்னால் இடம். இரண்டு அணி ரசிகர்களும் ஒரே வரிசையில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் பயம்தான்; பிள்ளைகளை நடுவில் உட்காரவைத்துக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் காலிங்வுட்டின் கறுப்பு வெள்ளை மஃப்ளர் சுற்றிய ஒரு பாட்டி. மடியில் ஃபிளாஸ்க், கையில் இறைச்சி அடைத்துச் சுட்ட 'மீட் பை'. என் பிள்ளைகள் விழிப்பதைப் பார்த்து, "முதல் தடவையா? நான் சொல்லித் தரேன்" என்றார்.

சொல்லித் தந்தார். பக்கத்துக்கு 18 பேர். நீள்உருண்டைப் பந்து. அதைக் கையால் எறியக்கூடாது. ஒரு உள்ளங்கையில் ஏந்தி, மறு கை முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும்; அதுதான் 'ஹேண்ட்பால்'. எடுத்துக்கொண்டு ஓடினால் 15 மீட்டருக்குள் ஒருமுறை தரையில் தட்டியாக வேண்டும். அந்தக் கோணல் பந்து ஓடுகிறவனின் கைக்கே திரும்பி வருவதை நான் வாய் பிளந்து பார்த்தேன்.

உதைத்து வரும் பந்தைக் கீழே விடாமல் பிடித்தால் 'மார்க்'. அப்புறம் யாரும் மேலே விழாமல் நிதானமாக உதைக்கலாம். அதற்காக ஒருவன் எதிராளியின் தோளில் முழங்காலை ஊன்றி மேலே எழுந்தான். வாடிவாசலில் திமிலுக்குத் தாவுகிற பையன்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். என்னையறியாமல் எழுந்து நின்று கத்திவிட்டேன்.

கோல் நடுவர் எங்களுக்கு வெகு பக்கத்தில் நின்றார். நான்கு கம்பங்களில் நடு இரண்டுக்குள் பந்து போனால் இடுப்பருகிலிருந்து இரண்டு ஆள்காட்டி விரல்களையும் படக்கென்று முன்னால் நீட்டுவார். பிறகு இரண்டு வெள்ளைக் கொடிகளை எடுத்து வீசுவார். எதிர்முனையில், கண்ணுக்கு எறும்பு போலத் தெரிகிற இன்னொரு நடுவரும் பதிலுக்குக் கொடி வீசுவார். அது ஆறு புள்ளி. ஓரக் கம்பத்துப் பக்கம் விலகிப்போனால் ஒரு விரல், ஒரு கொடி, ஒரு புள்ளி. "தப்பா அடிச்சாலும் ஒண்ணு குடுக்கிறாங்களாம்மா?" என்று மகளுக்கு ஒரே ஆச்சரியம். ஸ்கோர் பலகையில் 9.7.61 என்று வந்தபோது அவளே கணக்குப் போட்டு, "ஒன்பது ஆறு ஐம்பத்து நாலு, கூட ஏழு!" என்றாள். பாட்டி அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மூன்றாவது கால்பகுதி முடிந்ததும் எலுமிச்சைச் சாதத்தையும் முறுக்கையும் பிரித்தோம். பாட்டி முறுக்கை வாங்கிக்கொண்டு, ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி என்னிடம் நீட்டினார். அந்தக் குளிருக்கு அது அமிர்தம். சின்ன வயதில் தன் அப்பா இங்கே கூட்டிவந்ததைச் சொன்னார். என் அப்பாவின் விடியற்காலைகளை நானும் சொன்னேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது. அவர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசிப் பத்து நிமிடம் யாரும் உட்காரவில்லை. பந்தோடு ஒருவன் பிடிபட்டு விடாமல் வைத்திருந்தால் மைதானமே "பாஆஆல்!" என்று அதிர்கிறது. சைரன் ஊதியபோது காலிங்வுட் நான்கே புள்ளியில் முன்னால் இருந்தது. தோற்ற ரிச்மண்ட்காரர் ஒருவர் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பாட்டிக்குக் கைகொடுத்தார்.

வெளியே பூங்காவின் அரையிருட்டில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பந்து உருண்டு மகனின் காலடிக்கு வந்தது. எடுத்தான், இடது உள்ளங்கையில் வைத்தான், நாக்கைத் துருத்திக்கொண்டு வலது முஷ்டியால் குத்தினான். அது நேராகப் போய் ஒரு நெட்டைப் பையனின் கையில் விழுந்தது. "நல்ல ஹேண்ட்பால், மேட்!"

ரயிலில் மகள் பாட்டியின் டீமான காலிங்வுட்தான் என்று சொல்லிவிட்டாள். தோற்றாலும் புலிதான் என்று மகன் ரிச்மண்டை விடவில்லை. எங்கள் ஸ்டேஷன் வரும்வரை சண்டை ஓயவில்லை.