சுங்கை சிப்புட்டில் ஒரு கார் கொட்டகை

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் வீடு கட்டக் கிளம்பினால் முதல் கேள்வி, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதுதான். போர் போட்டு, தொட்டி கட்டி, அப்புறம்தான் அஸ்திவாரம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து எட்டு வருஷம் கழித்து, மாமனார் வீட்டையொட்டி ஒரு கார் கொட்டகை கட்ட இறங்கியபோது மாமா கேட்ட முதல் கேள்வி வேறு. "மாப்பிள்ளை, தண்ணி எந்தப் பக்கம் போவும்?"

மாமா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் வேலை முடிந்தால் தோட்டம் தந்த லயத்து வீட்டையும் விட வேண்டும். ஊழியர் சேமநிதிப் பணத்தில் வாங்கியதுதான் இந்த மனை. இந்த ஊர்க்காரரான அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டு துண்டாக விலை போய்க்கொண்டிருந்தன. தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக வந்த சங்கம் அது. அதில் மாமாவின் அப்பாவும் மாதாமாதம் பணம் கட்டினாராம். சொந்த மண் என்று மாமா சொல்லும்போது குரல் சற்று இறங்கிவிடும். அந்த மண்ணில் ஒரு தூண் ஊன்றுவதற்கு எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

வீட்டோடு ஒட்டிப் போடாமல் தனியாகக் கட்டியதற்குக் காரணம் உண்டு. இது பழைய பலகை வீடு. புது இரும்புச் சட்டத்தை அதன் தூணில் மாட்டினால், புது அஸ்திவாரம் மண்ணில் அமரும்போது பழைய கூரையையும் இழுக்கும். மரத்தில் கட்டலாமா என்றும் யோசித்தோம். செங்கால் மரத்தைக் கரையான் அவ்வளவு எளிதில் தொடாது, ஆனால் விலை கட்டுப்படியாகவில்லை. கடைசியில் 3 அங்குலச் சதுர இரும்புக் குழாயில் ஆறு தூண், இடுப்பளவுக்குச் செங்கல் சுவர், மேலே தகரம் என்று முடிவானது. வெல்டிங் மச்சானுடைய பொறுப்பு. அனுமதிதான் இழுத்தது. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி சின்னக் கொட்டகைக்கும் முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி வேண்டும். எங்கள் வரைபடம் இரண்டு முறை திரும்பி வந்தது. கட்டிவிட்டு இடிப்பதைவிட அலைவது மேல் என்று பொறுத்துக்கொண்டோம்.

அளவு 12 அடிக்கு 20 அடி. முளை அடித்துக் கயிறு கட்டினேன். மூலையில் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை நேர் என்று ஊரில் கொத்தனார் வேலை பார்த்த சித்தப்பா சொல்லித் தந்தது கைகொடுத்தது. கடைசியில் எதிரெதிர் மூலைகளை அளந்தேன். இரண்டும் 23 அடி 4 அங்குலம். அன்றைக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

ஆனால் மாமா தரை போட விடவில்லை. முதலில் லொங்காங், அதாவது வடிகால், வெட்டச் சொன்னார். பின்பக்கம் ஒரு முழ அகலத்தில் வெட்டி ரோட்டோரக் கால்வாயோடு சேர்த்தோம். அப்புறம் தரையை மண்மட்டத்திலிருந்து அரை அடி உயர்த்தினோம். உள்ளே விழும் தண்ணீர் தேங்காமலிருக்க, பின்சுவரிலிருந்து வாசல் வரை 3 அங்குலச் சரிவு. தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டியூப்பின் ஒரு முனையை மாமா பிடிக்க, மறுமுனையை நான் பிடித்து மட்டம் பார்த்தோம். தண்ணீருக்கு வழி சொல்லித் தருவதும் தண்ணீர்தான் என்று அப்போது தோன்றியது.

கான்கிரீட் 4 அங்குலக் கனம். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் பி.ஆர்.சி. கம்பி வலை. ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு மணல், நான்கு ஜல்லி என்ற கணக்கில் 50 கிலோ மூட்டை பதினைந்து பிடித்தது. விடியற்காலையில் தொடங்க வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். மிக்சர் வந்து சேரவே பத்து மணி. மூன்று மணிக்குக் கடைசி மூலையை மட்டப்பலகையால் இழுக்கும்போது வானம் கறுத்தது. தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் ஒரு பக்கம் காற்று தூக்கிவிட்டது. மறுநாள் திறந்து பார்த்தால் அந்த மூலையில் மட்டும் சிமெண்டு கழுவிப்போய் மணல் துருத்திக்கொண்டிருந்தது, அம்மைத் தழும்பு மாதிரி. கோபம் எனக்கு என்மேல்தான். மாமா ஒன்றும் சொல்லாமல் ஈரச் சாக்கை எடுத்துத் தரை முழுக்க விரித்தார். ஏழு நாள் காலையும் மாலையும் அவரே தண்ணீர் தெளித்தார்.

கூரையில் இன்னொன்று கற்றேன். நெளிதகரத்தில் பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடும், அதனால் ஸ்க்ரூவை மேட்டில் அடிக்க வேண்டும், அடியில் ரப்பர் வாஷரோடு. வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் அது வெடித்து, ஒழுகுவதும் அங்கிருந்தே தொடங்கும். லேசாக அமுங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். இருபது ஸ்க்ரூ தாண்டிய பிறகுதான் அந்த அழுத்தம் கைக்குப் பழகியது. தகரத்துக்கும் இடுப்பளவுச் சுவருக்கும் நடுவே அடைக்காமல் விட்டோம், சூடு வெளியேற.

அக்டோபரில் ஒரு சாயங்காலம் பெருமழை. இந்தப் பக்கத்தில் அக்டோபர், நவம்பர் என்றால் அப்படித்தான் கொட்டும். எங்கள் மைவி கார் உள்ளே நின்றது, பக்கத்தில் மச்சானின் மோட்டார் சைக்கிள். தகரத்துச் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. நான் ஒவ்வொரு ஸ்க்ரூவாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவைக் காணோம். வெளியே எட்டிப் பார்த்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்க லொங்காங் ஓரத்தில் குனிந்து நின்றார். காய்ந்த இலை ஒன்று வேகமாக ரோட்டுப் பக்கம் போனது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் கத்தினார்.

"போவுது மாப்பிள்ளை, போவுது!"