மணிக்கணக்கை ஏஜென்ட்டுக்குச் சொல்லிக்கொடுத்த மூன்று வாரம்

எங்கள் குழுவில் யார், எந்த வேலைக்கு, எவ்வளவு நேரம் செலவிட்டார்கள் என்று குறித்துவைக்க ஒரு சின்னக் கட்டளைவரிக் கருவி உண்டு. தொடங்கு, நிறுத்து, திருத்து, நீக்கு, வாரக் கணக்கு எடு என்று ஏழெட்டுக் கட்டளைகள்தான். நாம் சொல்லும் வேலையைத் தாமே கட்டளைகள் இட்டு முடிக்கும் ஏஐ ஏஜென்ட்டுகளும் அதைப் பயன்படுத்தும்படி ஆவணம் எழுதும் வேலை எனக்கு வந்தது. மனிதர்களுக்கான கையேடு ஏற்கெனவே இருந்ததால் இரண்டு நாளில் முடியும் என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் ஆனது.

முதல் சோதனையில் அந்தக் கையேட்டையே ஏஜென்ட்டிடம் கொடுத்து, "காலையில் பார்த்த பிழைதிருத்த வேலையைப் பதிவு செய்" என்றேன். 9:30 முதல் 11:00 வரை என்று உடனே பதிவு விழுந்தது. நான் நேரமே சொல்லியிருக்கவில்லை. ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாதிரிக்குள் கடிகாரம் கிடையாது. கணினியைக் கேட்டால்தான் இப்போது மணி என்ன என்பதே அதற்குத் தெரியும். தெரியாத இடத்தைப் பொருத்தமான ஓர் எண்ணால் நிரப்பியிருந்தது. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. தப்பான மணிக்கணக்கு பார்வைக்குச் சரியான கணக்கைப் போலவே இருக்கும். ஒருவருடைய உழைப்புக்கான கூலியும் வாடிக்கையாளருக்குப் போகும் பில்லும் அதை வைத்துத்தான் முடிவாகின்றன. அதனால் ஆவணத்தின் முதல் வரி இப்படி ஆனது: "நேரத்தை ஊகிக்காதே. தொடக்கமோ முடிவோ தெரியாவிட்டால் பதிவு செய்யாமல் பயனரைக் கேள்."

அடுத்த சிக்கல் கால அளவு. "1.30" என்று எழுதினால் எங்களில் யாரும் ஒன்றரை மணி நேரம் என்றுதான் படிப்போம். ஏஜென்ட் ஒருமுறை 90 நிமிடம் என்றது, இன்னொரு முறை தசமமாக எடுத்து 78 நிமிடம் என்றது. இதை விளக்கி ஒரு பத்தி எழுதினேன். பிறகு அதை அழித்துவிட்டு, புள்ளி வைத்த அளவைக் கருவியே ஏற்காதபடி மாற்றச் சொன்னேன். ஆவணத்தில் நீளமாக விளக்க வேண்டியிருக்கும் இடம் பெரும்பாலும் கருவியைச் சரிசெய்ய வேண்டிய இடம்தான் என்பது என் அனுபவம்.

பதிவு எண்தான் அதிக நாள் பிடித்தது. எங்கள் கருவியில் கடைசிப் பதிவுக்கு எப்போதும் எண் 1. டைம்வாரியர் என்ற நேரப்பதிவுக் கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு இது பழக்கமானது. அதிலும் @1 என்றால் கடைசிப் பதிவு. புதிதாக ஒன்று சேர்ந்ததும் பழையவை எல்லாம் ஓர் எண் தள்ளிப் போகும். மனிதர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே நீக்குவார். ஏஜென்ட்டோ முதலில் பட்டியலை எடுத்தது, நடுவில் ஒரு பதிவைச் சேர்த்தது, பிறகு நினைவில் வைத்திருந்த 3-ஐ நீக்கியது. போனது வேறொரு பதிவு. இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத அடையாளம் இருக்கிறது. நீக்கும் கட்டளை அதை மட்டும்தான் வாங்கும். நீக்கியதன் முழு விவரத்தையும் திரும்ப அச்சிடும்.

ஒரு கட்டளை எப்படி முடிந்தது என்பதைச் சொல்லும் எண்தான் வெளியேற்றக் குறியீடு. அதைப் பற்றிப் பழைய கையேட்டில் ஒரு சொல்கூட இல்லை. கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளையைப் பாருங்கள்: தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, பிழை என்றால் 2. எங்கள் கருவி, பதிவே இல்லாவிட்டாலும் தரவுக் கோப்பைத் திறக்க முடியாவிட்டாலும் ஒரே மாதிரி வெறும் திரையும் 0-உம் தந்தது. "இன்று நீங்கள் வேலை செய்யவில்லை" என்று ஏஜென்ட் பணிவாகச் சொன்னது. அன்று கோப்பு பூட்டப்பட்டிருந்தது. இதையும் பிரித்தோம். உறுதி கேட்டுக் காத்திருக்கும் இடங்களும் போயின. எதிரில் மனிதர் தட்டச்சு செய்யும் முனையம் இல்லையென்றால் கருவி கேள்வி கேட்காமல் பிழையோடு நின்றுவிடும்.

நேர மண்டலம் பற்றி இரண்டே வரிதான். சேமிப்பது யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில். நாள்வாரிக் கூட்டலை ஏஜென்ட் தானாகப் போடாமல் கருவியிடமே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் நள்ளிரவை ஒட்டிய வேலை பக்கத்து நாளில் போய் விழுகிறது.

இவ்வளவையும், ஏஜென்ட்டுகள் படிப்பதற்கென்றே வைக்கும் ஏஜென்ட்ஸ்.எம்டி கோப்பில் ஒரு பக்கத்துக்குள் அடக்கினேன். விதிகளைவிட, கட்டளையையும் அதற்கு வரும் வெளியீட்டையும் அப்படியே காட்டும் உதாரணங்கள் நன்றாக வேலை செய்தன. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும், பழைய உரையாடல் எதுவும் இல்லாத புதிய அமர்வில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கொடுத்து, அதே பத்து வேலைகளைச் செய்யச் சொல்வேன். ஏஜென்ட் என்ன சொல்கிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. தரவுக் கோப்பில் என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

கடைசிச் சுற்றில் அந்த முதல் வேலையையே மறுபடி கொடுத்தேன். கோப்பில் எதுவும் மாறவில்லை. திரையில், "எப்போது தொடங்கினீர்கள், எப்போது முடித்தீர்கள்?" என்ற கேள்வி மட்டும் இருந்தது.